செஞ்சராய் தங்கக் காசில் பெண் எடுத்த கதை

என் சகலை செஞ்சராய்க்குத் தொழில் கிழிந்த டாலர் ஒட்டுவது. கோமொகுரு பஸ் நிலையத்தில், சூப்பர் மார்க்கெட்டின் பக்கச் சுவரோரம், ஒரு பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு பலகை. பலகைமேல் பசை டப்பா, கோழி இறகு, மெல்லிய தாள், கரி போட்ட சின்ன இஸ்திரிப்பெட்டி. அவருக்கு இடப்பக்கம் செல்போன் உறை விற்கிறவன் நான். சகலையாவதற்குப் பல வருடம் முன்பிருந்தே நாங்கள் ஒரே நிழலில் உட்கார்ந்தவர்கள்.

அமெரிக்காக்காரன் நோட்டை அச்சடித்ததோடு சரி, அதற்கப்புறம் அது படுகிற பாடு அவனுக்குத் தெரியாது. எங்கள் ஊருக்கு வந்த டாலர் திரும்பிப் போவதில்லை. சுரங்கத்துக்காரன் பூட்ஸிலிருந்து சாராயக் கடைக்குப் போகும், அங்கிருந்து ஒருத்தியின் ரவிக்கைக்குள் போகும், அப்புறம் கறிக்கடை, காய்கறிக்காரி, கோவில் தட்டு, போதகரின் காலுறை. வியர்வையில் ஊறி, மழையில் நனைந்து, ஒருநாள் நடுவில் கிழியும். கிழிந்த நோட்டைக் கடைக்காரன் பார்க்கக்கூட மாட்டான். அதை வைத்திருக்கிறவர்கள் செஞ்சராயிடம்தான் வந்தாக வேண்டும். அவர் இரண்டு பாதியையும் பொருத்தி, இறகால் பசை தடவி, தாள் வைத்து, இஸ்திரி போட்டு, வெயிலில் தூக்கிப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் மறுபடி பிரிப்பார். சில நோட்டுகளில் அமெரிக்காவின் வேலையைவிடச் செஞ்சராயின் வேலை அதிகம் என்று பஸ் நிலையத்தில் கேலி செய்வார்கள்.

ஆள் உயரம், ஒல்லி. கழுத்துவரை பித்தான் போட்ட சட்டை. நாற்பத்தைந்து வயதுவரை கல்யாணம் ஆகவில்லை. அதற்கு அவரிடம் இருந்த ஒரு குணமும் காரணமாக இருக்கலாம்: யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்வார். ஒருமுறை ஒரு லாரி டிரைவர், "நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கொட்டுகிற மழை, பஸ் நிலையத்தில் நாய்கூட இல்லை. செஞ்சராய் தலையில் பிளாஸ்டிக் கோணியைப் போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். டிரைவர் அடுத்த வாரம் வந்தான். "நாளைக்குன்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டார். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மைதேய் என் மனைவியின் தங்கை. எங்கள் மொழியில் அந்தப் பெயருக்கு, 'உங்களுக்கு என்னதான் வேண்டியிருந்தது' என்று பொருள். ஆண் பிள்ளை எதிர்பார்த்த மாமியார் வீட்டாரைக் கேட்பதற்காக அவள் அம்மா வைத்த பெயர். முப்பதைத் தாண்டியவள், கறிக்கடையில் காசு வாங்கிப் போடுகிற வேலை. கறிக்கடை நோட்டு ரத்தத்திலும் கொழுப்பிலும் ஊறி சீக்கிரம் கிழியும் என்பதால், வாரம் இரண்டு முறை செஞ்சராயிடம் வருவாள். பிறகு தினம் வந்தாள். ஒருநாள் அவள் கொடுத்த நோட்டை அவர் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது போன வாரம் நான் ஒட்டினது" என்றார்.

"அப்படியா?"

"என் ஒட்டு அப்படியே இருக்கு. பக்கத்துல புதுசாக் கிழிஞ்சிருக்கு. நேரா, கோடு போட்ட மாதிரி."

"பழைய காசு. கிழியாம என்ன செய்யும்."

"இது தானாக் கிழியல. யாரோ கிழிச்சிருக்காங்க."

மைதேய் என்னைப் பார்த்தாள். நான் செல்போன் உறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "நான்தான் கிழிச்சேன்" என்றாள். "கடையில ஈ ஓட்டிட்டு இருந்தேன். இங்க வர ஒரு காரணம் வேணும்ல."

செஞ்சராய் அந்த நோட்டைப் பலகைமேல் வைத்தார். பசை டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார்: "காரணமில்லாமலே வரலாம். காசைக் கிழிக்காதே. பசை விலை ஏறிப்போச்சு."

எங்கள் ஊரில் யாரும் இதைவிட நேராகக் காதலைச் சொல்லிக் கேட்டதில்லை என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

இது நடந்த வருடம் ஏப்ரலில்தான் தங்கக் காசு வந்தது. ஸிக் என்று பெயர். காசு என்றாலும் பெரும்பாலும் தாள்தான். ஆனால் அந்தத் தாளுக்கு ஈடாக அரசாங்கம் தங்கம் வைத்திருக்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். நாங்கள் இதற்கு முன் பார்த்த சொந்தக் காசெல்லாம் அரிசி வேகும் நேரத்தில் மதிப்பிழந்த காசுகள். அதனால்தான் டாலரைப் பிடித்துத் தொங்கினோம். டாலரிலோ சில்லறை கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் மீதிக்கு மிட்டாய் கொடுப்பான், பேனா கொடுப்பான், ஒருமுறை எனக்கு ஒரு தக்காளி கொடுத்தான். வேன் கண்டக்டர் இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே டாலரைக் கொடுத்து, "நீங்களே பிரிச்சுக்கங்க" என்று இறக்கிவிட்டுப் போய்விடுவான். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு நோட்டின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு சில்லறை தேடி ஊரைச் சுற்றுவார்கள். அப்படிப்பட்ட நோட்டுகளும் கடைசியில் செஞ்சராயிடம்தான் வரும்.

தங்கக் காசு இதையெல்லாம் தீர்க்கும் என்று எங்கள் ஊரில் ஓங்கிச் சொன்னவர் குவாடிசோ. என் மனைவிக்கும் மைதேய்க்கும் பெரியப்பா. அவர்கள் அப்பா இறந்துவிட்டதால் குடும்பத்துக்கு அவரே தலை. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பரிசோதிக்க ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். ஊரில் 'தங்கக் காசு விளக்கக் குழு' என்று ஒன்று தொடங்கப்பட்டதும் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார். ஒரு மஞ்சள் தொப்பி, வயிற்றில் ஏறி நிற்கும் மஞ்சள் பனியன், ஒரு கையடக்க ஒலிபெருக்கி கொடுத்தார்கள். தினம் காலையில் பஸ் நிலையத்துக்கு வந்துவிடுவார்.

"டாலருக்குப் பின்னால என்ன இருக்கு?" என்று முழங்குவார். "ஒரு கிழவன் மூஞ்சி. அந்தக் கிழவன் உங்க சொந்தக்காரனா? நம்ம காசுக்குப் பின்னால தங்கம் இருக்கு. இதோ உட்கார்ந்திருக்கான் பாருங்க, அந்நிய ஊர்க் கிழவனுக்குக் கட்டுப் போடுறவன். இவன் பொழப்பு இன்னும் ஆறு மாசம்."

செஞ்சராய் தலை நிமிராமல், "ஆறு மாசமா மாமா?" என்று கேட்பார், குறித்துக்கொள்கிறவர் மாதிரி.

குவாடிசோவின் வீட்டுக்குப் பின்னால் வாடகைக்கு விட்ட மூன்று அறைகள் உண்டு. வாடகை டாலரில் மட்டும். எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் என் மனைவிக்காகப் பெண் வீட்டுக்கு நான் தரவேண்டிய பரிசப் பணத்தில் பாக்கி இன்னும் இருக்கிறது, அதையும் அவர் டாலரில்தான் கேட்பார். என் பெயர் கிவ்மோர். ஆங்கிலத்தில் 'இன்னும் கொடு' என்று அர்த்தம். பெண் கேட்கப் போன அன்று என் பெயரைக் கேட்டதுமே அவர் முகத்தில் வந்த சிரிப்பு எனக்கு மறக்காது.

செஞ்சராய் பெண் கேட்கத் தன் நண்பன் நோமேட்டரைத் தூது அனுப்பினார். நோமேட்டர் வேன் ஓட்டுகிறவன், வாய் நீளம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பேசக்கூடாது, தூதுதான் பேசவேண்டும். என்னென்ன, எவ்வளவு என்று பெண் வீட்டார் முதலில் சொல்லிவிட வேண்டும். நோமேட்டர் போன நேரம், குழுவின் மாவட்டத் தலைவி அம்மா அந்த வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். குவாடிசோவுக்குத் தலையில் மஞ்சள் தொப்பி, முன்னால் தலைவி.

"எல்லாம் நம்ம காசுலதான்" என்றார், தலைவி பக்கம் திரும்பியபடி. "டாலர் இந்த வாசலைத் தாண்டக்கூடாது. இது தங்கக் குடும்பம்."

தலைவி கைதட்டினார். நாட்டிலேயே தங்கக் காசில் நடக்கிற முதல் பரிசம் இதுவாகத்தான் இருக்கும், நானே வருகிறேன், போட்டோக்காரரோடு வருகிறேன் என்றார். குவாடிசோவும் கைதட்டினார், கொஞ்சம் மெதுவாக.

தலைவி போனதும் என்னை வெளி வாசலுக்குக் கூப்பிட்டார். "மருமகனே, அந்தப் பசைக்காரன்கிட்டப் போய்ப் புரியவை. தங்கம்னு சொன்னது வாய்க்கு. தட்டுக்கு டாலர். ராத்திரி கொண்டுவந்து குடுத்தாப் போதும்."

நான் அப்படியே போய்ச் சொன்னேன். செஞ்சராய் பசையைக் கிளறிக்கொண்டே கேட்டார்: "இதை அவர் நோமேட்டர்கிட்டச் சொன்னாரா?"

"அவன்கிட்ட எப்படிச் சொல்வாரு? என்கிட்டச் சொன்னாரு."

"அவன்கிட்டச் சொன்னது, எல்லாம் நம்ம காசுலன்னு. தூதுகிட்டச் சொன்னதுதான் பேச்சு. உன்கிட்டச் சொன்னது நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டது."

"அண்ணே, அந்தக் காசை யாரும் வாங்க மாட்டேங்குறான். உங்களுக்குத் தெரியாதா?"

"அவர் வாங்குவாரு. அவர்தானே தெனம் சொல்றாரு" என்றார்.

அவர் வெள்ளந்தியாகச் சொன்னாரா, விஷயம் தெரிந்துதான் சொன்னாரா என்று அன்றும் எனக்குப் பிடிபடவில்லை, இன்றும் பிடிபடவில்லை. மைதேயிடம் கேட்டேன். "எனக்கும் தெரியாது மச்சான்" என்றாள். "ஆனா ஒண்ணு, இந்த ஆளு நாளைக்குக் காலையில வந்து மோதிரம் போடுறேன்னு சொன்னா, வருவாரு. அது போதும்."

இப்படித்தான் செஞ்சராய் இருபது வருடம் ஒட்டிச் சேர்த்த டாலர்களைத் தங்கக் காசாக மாற்றக் கிளம்பினார். பஸ் நிலையத்துப் பின்புறம் காசு மாற்றுகிற பையன்கள் நிற்பார்கள். எல்லோரும் ஸிக்கைக் கொடுத்து டாலர் வாங்கத்தான் அவர்களிடம் வருவார்கள். டாலரைக் கொடுத்து ஸிக் கேட்ட ஆளை அவர்கள் பார்த்ததில்லை. முதலில் கூட்டமாக வந்து சுற்றி நின்றார்கள்.

"அண்ணே, நீங்க போலீஸா?"

"நான் பசைக்காரன். உனக்கே தெரியும்."

"தெரியும். அதான் கேக்குறேன். போலீஸ்ல சேந்துட்டீங்களா?"

போலீஸ் இல்லை என்று தெரிந்ததும் ஓடினார்கள், அண்டை ஊரிலிருந்தெல்லாம் ஸிக்கை அள்ளிக்கொண்டு வந்தார்கள். பெரிய நோட்டு கிடையாது. பத்தும் இருபதும், பிறகு நாணயங்கள். ஒரு பையன் கணக்குக்கு மேலே ஒரு பிடி நாணயத்தை இலவசமாகப் போட்டு, "வச்சுக்கங்கண்ணே, வீட்டுல எடம் அடைக்குது" என்றான். கடைசியில் மக்காச்சோள மாவுக் கோணி ஒன்று நோட்டாலும், சின்னக் கோணி ஒன்று நாணயத்தாலும் நிறைந்தன. கையில் மிஞ்சிய கொஞ்சம் டாலரில் மைதேயின் அம்மாவுக்கு ஒரு பசு வாங்கினார். தாய்க்குரிய பசுவை எந்தக் காசாலும் ஈடுகட்ட முடியாது, அது காலால் நடந்து வந்துதான் ஆக வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை பேச்சு நடந்தது. பெண் வீட்டாரெல்லாம் நாற்காலியில். நோமேட்டர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, வழக்கப்படி கை குவித்துத் தட்டினான். நடுவில் ஒரு மரத்தட்டு. அதில் தூது காசு வைக்க, பழைய மருமகனாகிய நான் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெண் வீட்டாரிடம் காட்ட வேண்டும். மூலையில் தலைவி அம்மா, பக்கத்தில் கேமராக்காரர். செஞ்சராய் தெருவில் பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலில் வாய் திறக்கிற காசு. அது கிடைக்கும்வரை பெண்ணின் தகப்பன் வாய் பேசமாட்டார். நோமேட்டர் கோணியை அவிழ்த்து ஒரு கட்டு ஸிக்கைத் தட்டில் வைத்தான். நான் கொண்டுபோய் நீட்டினேன். குவாடிசோ அதைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

நான் அப்படியே தட்டோடு நின்றேன். கேமராக்காரர் தயாராக நின்றார். வெளியே பசு ஒருமுறை கத்தியது.

"மாமாவுக்கு வாய் வலியா?" என்று நோமேட்டர் பணிவாகக் கேட்டான். "இல்ல, அந்த வாய் டாலருக்குத்தான் திறக்குமா? அப்படின்னாச் சொல்லுங்க, தலைவி அம்மா முன்னாடியே மாத்திக் குடுத்துடுறேன்."

குவாடிசோவின் தங்கை, எங்களுக்கெல்லாம் அத்தை, அவரை முழங்கையால் இடித்தார். "வாயைத் திறண்ணே. ஈ போயிடப்போகுது, அவ்வளவுதானே."

வாய் திறந்தது. "நம்ம காசு" என்றது. கேமரா மின்னியது. தலைவி கைதட்டினார்.

அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் போயிற்று. இந்த வீட்டில் பெண் இருக்கிறதென்று உனக்கு யார் சொன்னது என்பதற்கு ஒரு காசு. குழந்தையில் அவள் தகப்பனின் தாடியைப் பிடித்து இழுத்ததற்கு ஒரு காசு. குவாடிசோவுக்குத் தாடி இல்லை, "என் தம்பிக்கு இருந்தது" என்றார். நோமேட்டர் உட்கார்ந்தபடி கால் மாற்றியதற்கு அபராதம். அபராதத்துக்கு மறுத்துப் பேசியதற்கு இன்னொரு அபராதம். ஒவ்வொன்றுக்கும் கோணியிலிருந்து கட்டு வந்தது. குவாடிசோவின் பக்கத்தில் குவியல் உயர உயர, அவர் முகம் இறங்கியது. சாதாரணமாகப் பெண் வீட்டார் கேட்டுக்கொண்டே போவார்கள், தூது கெஞ்சிக்கொண்டே போவான். அன்று குவாடிசோ, "போதும், போதும், பிறகு பார்க்கலாம்" என்றார். நோமேட்டர்தான், "இல்ல மாமா, முறையை முறையாச் செய்யணும், மேலே கேளுங்க" என்று வற்புறுத்தினான். அப்படியொரு பரிசத்தை நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு நடந்ததை நினைத்து வயிறெரிந்தது.

கடைசியாகத் தலைவியும் குவாடிசோவும் இரண்டு கோணிகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மைதேயின் அம்மா வெளியே போய்ப் பசுவின் முதுகைத் தடவிப் பார்த்தார். அந்த வீட்டில் அன்று முழு மனதோடு சிரித்த பெரியவர் அவர் ஒருவர்தான்.

மைதேய் செஞ்சராயோடு வந்துவிட்டாள். இருவரும் குவாடிசோ வீட்டின் பின் அறை ஒன்றிலேயே குடியிருந்தார்கள். கோணிகள் குவாடிசோவின் கட்டிலுக்கடியில் குடியிருந்தன. அவர் அவற்றைச் செலவு செய்ய எல்லா முயற்சியும் செய்தார். வழக்கப்படி பரிசத்தோடு பெண்ணின் தகப்பனுக்கு உரிய கோட்டைத் தைக்கத் தையற்காரரிடம் போனார். தையற்காரர் அளவெடுத்தார், நோட்டைப் பார்த்ததும் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டார். பெட்ரோல் பங்கில் வாங்கவில்லை. மாட்டு வியாபாரி, "தங்கம்னு சொல்றீங்க. அப்ப தங்கமாவே குடுங்க, ரெண்டு மாடு தரேன்" என்றான். எங்கள் ஊரைச் சுற்றி மலையெல்லாம் தங்கச் சுரங்கம், ஆற்றில் சலித்து எடுக்கிறவன்கூட உண்டு. தங்கத்தைப் பார்த்தவர்களிடம் தங்கத் தாளை விற்பது கஷ்டம்.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள் காலையில் ரேடியோ அறிவித்தது: டாலருக்கு எதிரே ஸிக்கின் மதிப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிட்டார்கள். குவாடிசோ தொப்பி இல்லாமல் பஸ் நிலையத்துக்கு வந்தார். வந்தவர் நேரே செஞ்சராயின் பலகைமுன் நின்றார்.

"உன் பரிசம் சுருங்கிப்போச்சு. பாதிதான் குடுத்திருக்கே. மீதியைக் குடு."

செஞ்சராய் இறகைக் கீழே வைத்தார். "தங்கம் சுருங்குமா மாமா?"

"காசு சுருங்கிப்போச்சுடா."

"காசு எனக்குத் தெரியாது. நான் காசைக் குடுக்கல. பின்னால தங்கம் இருக்குன்னு நீங்க சொன்னீங்க. நான் அந்தத் தங்கத்தைத்தான் குடுத்தேன். தங்கம் அப்ப எவ்வளவோ இப்பவும் அவ்வளவுதானே இருக்கும்? போய் எடுத்துட்டு வந்துடலாமே."

ஐந்து மாதமாக ஒலிபெருக்கியில் சொன்னது முழுவதும் குவாடிசோவுக்கே அப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது. "எடுத்துட்டு வந்துடலாம்" என்றார் மெதுவாக. "நியாயம்தானே. நம்ம தங்கம்தானே."

அடுத்த நாளே தலைநகர் ஹராரேக்குக் கிளம்பிவிட்டோம். மருமகன்கள்தானே சுமக்கவேண்டும்? நோட்டுக் கோணியைச் செஞ்சராய் எடுத்துக்கொண்டார், நாணயக் கோணி என் தலையில். பஸ் கண்டக்டரிடம் குவாடிசோ ஸிக்கை நீட்டினார்.

"பெரியவரே, இதை வச்சு நான் டீசல் போட முடியாது" என்றான் கண்டக்டர்.

"இதுக்குப் பின்னால தங்கம் இருக்கு தம்பி."

"இருக்கட்டும். பஸ்ஸுக்கு முன்னால டீசல் வேணும்."

செஞ்சராய் டாலர் எடுத்துக் கொடுத்தார். கண்டக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்ல வேலை, யார் ஒட்டினது?" என்றான். வழிமுழுக்க கோணி செஞ்சராயின் மடியில் இருந்தது. குவாடிசோ அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே தூங்கினார்.

காசு விவகாரம் பார்க்கிற பெரிய கட்டடம் ஒன்றைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தோம். உள்ளே பளபளவென்று தரை. கவுண்டரில் சின்ன வயதுப் பெண் ஒருத்தி, மரியாதை தெரிந்த பெண். குவாடிசோ இரண்டு கோணிகளையும் அவள் முன்னால் வைக்கச் சொன்னார்.

"அம்மா, இதுக்கான தங்கத்தை எடுத்துக்கலாம்னு வந்திருக்கோம்."

அவள் கோணியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "அப்படி எடுக்க முடியாதுங்க சேகுரு" என்றாள். சேகுரு என்றால் எங்களில் தாத்தா முறை.

"ஏன், தங்கம் இல்லையா?"

"இருக்குங்க. பின்னால இருக்கு. இந்தக் காசுக்குப் பின்பலமா."

"பின்னாலன்னா?"

"பின்னாலதாங்க."

குவாடிசோ தலையாட்டினார். அவளுக்கு நன்றி சொன்னார். வெளியே வந்ததும், "பின்னால இருக்காம். வாங்க" என்று கட்டடத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். நான் சிரித்துவிட்டு அவரைத் தடுத்திருக்கலாம். ஆனால் செஞ்சராய் கோணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போனார். நாணயக் கோணியைச் சுமந்தபடி நானும் போனேன்.

பின்புறம் ஒரு சந்து. உயர்ந்த சுவர், ஜன்னல் கிடையாது. சுவரின் நிழலில் ஒரு பெண் அவித்த முட்டை விற்றுக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்கும் பசி. செஞ்சராய் ஒரு டாலருக்கு முட்டை வாங்கினார், மீதிச் சில்லறைக்கு அவள் ஒரு உப்புப் பொட்டலம் கொடுத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தின்றோம்.

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கமா இருக்குமோ?" என்றார் குவாடிசோ.

"இருக்கலாம் மாமா."

குவாடிசோ உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். செஞ்சராய் எழுந்து, விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடி தட்டினார். அதற்குள் காவலாளி ஒருவன் ஓடிவந்தான்.

"என்ன பண்றீங்க?"

"எங்க தங்கம் இருக்கான்னு பாக்குறோம்" என்றார் செஞ்சராய்.

காவலாளி எங்கள் மூன்று பேரையும், இரண்டு கோணிகளையும், முட்டை ஓடுகளையும் பார்த்தான். "இது ஜெனரேட்டர் ரூம்ங்க" என்றான். அவனுக்கே பாவமாகப் போயிருக்கவேண்டும். "தட்டுறதுன்னா மெதுவாத் தட்டுங்க, உள்ளே ஆளு தூங்குறான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திரும்பி வரும்போது குவாடிசோ முன் இருக்கையில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். நான் செஞ்சராயிடம் மெதுவாகக் கேட்டேன்: "இருபது வருஷச் சேமிப்பு அண்ணே. இப்படிப் பாதியாப் போச்சே. வருத்தமில்லையா?"

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "என் காசு போகலையே. அதைக் குடுத்தேன், மைதேய் வந்தா. போனது அவர் காசு." பிறகு குவாடிசோவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே, "அதுதான் வருத்தமா இருக்கு" என்றார்.

அந்த வருத்தத்தில்தான் அவர் யோசித்திருக்கவேண்டும். ஊர் வந்து மறுநாள், ஸிக்கை மறுக்க முடியாத இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் என்று கண்டுபிடித்துச் சொன்னார்: நகராட்சி அலுவலகம். குவாடிசோ முதலில் சண்டை போட்டார். "வரியாக் கட்டவா பெண்ணைக் குடுத்தேன்?" பிறகு, ஒவ்வொரு நாளும் கட்டிலுக்கடியில் காசு சுருங்கிக்கொண்டிருப்பதை நினைத்துச் சம்மதித்தார். மறுபடியும் இரண்டு கோணி, இரண்டு மருமகன். நகராட்சி குமாஸ்தா பழைய பாக்கியைக் கழித்தான், நடப்பைக் கழித்தான், இன்னும் கோணியில் பாதி இருந்தது.

"மீதியை என்ன செய்ய?" என்றான்.

"தண்ணிக்கு முன்பணமாப் போட்டுக்க" என்றார் குவாடிசோ.

"பதினோரு வருஷத்துக்கு வரும் பெரியவரே. உங்க தெருவுல குழாயில தண்ணி வருதா?"

"வர்றதில்ல."

குமாஸ்தா முத்திரை குத்தினான்.

ஊர் சிரித்தது. குவாடிசோ ஒலிபெருக்கியைக் குழுவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். பஸ் நிலையத்துக்கு வருவதை நிறுத்தவில்லை, ஆனால் வந்தால் என் கடைக்கும் செஞ்சராயின் பலகைக்கும் நடுவில் ஒரு கல்லில் உட்கார்ந்து, ஒட்டி முடித்த நோட்டுகளை வெயிலில் பிடித்துப் பார்த்துக் குறை சொல்வார். டிக்கெட் பார்த்த கண், குறை சரியாகத்தான் இருக்கும். செஞ்சராய் பிரித்து மறுபடி ஒட்டுவார். என் பாக்கியை அவர் கேட்பது மட்டும் நிற்கவில்லை. டாலரில்தான்.

மார்ச் மாதம் ஒரு காலையில் பின் அறையிலிருந்து மைதேய் கத்திக் கூப்பிட்டாள். முற்றத்துக் குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. எங்கே என்ன பழுது பார்த்தார்களோ, அந்த வரிசையில் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வந்தது. சற்று நேரத்தில் தெருவே வாளிகளோடு வேலிக்கு வெளியே வந்து நின்றது. ஒருவரும் உள்ளே வரவில்லை. குவாடிசோவின் குணம் அவர்களுக்குத் தெரியும், வாளிக்கு எவ்வளவு கேட்பாரோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கிழவர் ஒரு டாலர் நோட்டைக் கையில் தயாராகப் பிடித்திருந்தார்.

குவாடிசோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். குழாயைப் பார்த்தார். வேலிக் கதவை அகலத் திறந்து, ஒரு கல்லை வைத்து முட்டுக்கொடுத்தார்.

"நோட்டை உள்ளே வையுங்க" என்றார் அந்தக் கிழவரிடம். "எல்லாம் கட்டியாச்சு. பிடிங்க, பிடிங்க, தெளிய வச்சுக் குடிங்க."

செஞ்சராய் குழாயடியில் உட்கார்ந்து, வாளி நிறைய நிறைய மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். சட்டை கழுத்துவரை நனைந்திருந்தது. மதியம்வரை தண்ணீர் வந்தது. மதியம்வரை குவாடிசோ கதவருகிலேயே நின்று, வந்தவர்களையெல்லாம் பெயர் சொல்லி உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.